முதல் பாலேயைத் தனியாகப் போய்ப் பார்த்த நாள்: நான் கோட்டை விட்ட முதல் அங்கம்

பாலே என்பது பேச்சில்லாமல் நடனத்தாலும் இசையாலும் கதை சொல்லும் மேடைக்கலை. அதில் ஜிசெல் என்ற பாலேயின் முதல் அங்கம் ஏறத்தாழ 50 நிமிடம் ஓடும். அந்த அங்கத்தை நான் அரங்கத்துக்கு வெளியே, நடைகூடத்துச் சுவரில் மாட்டியிருந்த டிவிக்கு முன்னால் நின்றுகொண்டே பார்த்தேன். திரை தூக்கி நான்கு நிமிடம் ஆன பிறகுதான் கதவருகே போய்ச் சேர்ந்திருந்தேன். வெறும் நான்கு நிமிடம். கதவில் நின்றவர் மரியாதையாகத்தான் பேசினார், ஆனால் இடைவேளை வரை உள்ளே விட வழியில்லை என்று சொல்லிவிட்டார். அந்த டிவியில் தெரிந்ததெல்லாம் அரங்கத்தின் பின்பக்கத்திலிருந்து அசையாத ஒரு கேமரா எடுக்கும் படம். ஆடுகிறவர்கள் கட்டைவிரல் அளவுக்குத் தெரிந்தார்கள், முகம் தெரியவில்லை. டிக்கெட்டுக்குக் கொடுத்ததில் பாதி அங்கேயே போயிற்று. பணம்கூடப் பரவாயில்லை, பல வாரமாக நாளை எண்ணிக்கொண்டு காத்திருந்த காட்சி ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் நடந்துகொண்டிருக்கிறது, இந்தப் பக்கம் நான் தனியாக நிற்கிறேன் என்பதுதான் தாங்க முடியாததாக இருந்தது. இதையெல்லாம் யாராவது முன்பே சொல்லியிருக்கக் கூடாதா என்று அன்றைக்கு நினைத்தேன். அதனால்தான் எழுதுகிறேன்.

சினிமாவுக்குத் தாமதமாகப் போனால் இருட்டில் தடவித் தடவி உள்ளே போய் உட்கார்ந்துவிடலாம். பாலேயில் அது நடக்காது. வரிசை குறுகலாக இருக்கும், நீங்கள் உள்ளே போக பத்துப் பேர் எழுந்து நிற்க வேண்டும், அந்தப் பத்துப் பேருக்கும் அவர்களுக்குப் பின்னால் இருப்பவர்களுக்கும் மேடை மறையும். அதனால் பொருத்தமான இடைவெளி வந்தால்தான் உள்ளே விடுவார்கள். மூன்று சிறு படைப்புகளைச் சேர்த்து ஒரே மாலையில் ஆடும் நிகழ்ச்சியென்றால் முதல் படைப்பு முடிந்ததும் விட்டுவிட வாய்ப்பு உண்டு. முழுநீளக் கதை பாலேயில் அங்கத்துக்கு நடுவே அப்படிப்பட்ட இடைவெளி இருக்காது. ஸ்வான் லேக் என்றால் இன்னும் மோசம். பல தயாரிப்புகளில் முதல் இரண்டு அங்கங்களையும் சேர்த்தே ஆடிவிட்டுத்தான் இடைவேளை விடுகிறார்கள். நான்கு நிமிடத் தாமதம் அங்கே ஒரு மணி நேரத்துக்கு மேலான இழப்பாகிவிடும். ஏரிக்கரைக் காட்சி முழுவதும் போய்விடும்.

நான் செய்த தப்பு, ரயில் நிலையத்தில் இறங்கும் நேரத்தையே அரங்கத்துக்கு வந்து சேரும் நேரமாக மனதில் போட்டுக்கொண்டது. கணக்கைத் திரை தூக்கும் நேரத்திலிருந்து பின்னோக்கிப் போட வேண்டும். காட்சி 2 மணிக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். 1:45க்கு இருக்கையில் இருக்க வேண்டும். அதற்கு முன் கழிப்பறைக்குப் போய் வந்துவிட வேண்டும், கோட்டையும் பையையும் கவுன்டரில் கொடுத்து டோக்கன் வாங்கியிருக்க வேண்டும், வாசலில் பைச் சோதனையைத் தாண்டியிருக்க வேண்டும். இவ்வளவும் சேர்ந்தால் 1 மணிக்கு வாசலில் நின்றாக வேண்டும். அதிலிருந்து நடக்கும் நேரத்தைக் கழியுங்கள். வரும் விடையில் எந்த ரயில் பொருந்துகிறதோ, அதற்கு முந்தைய ரயிலைப் பிடியுங்கள். இன்னொன்று, பெரிய அரங்கங்களில், அதுவும் பழைய கட்டடங்களில், மேல்தளத்து இருக்கைகளுக்குத் தனி வாசலும் தனிப் படிக்கட்டும் பக்கவாட்டுத் தெருவில் இருப்பதுண்டு. நான் முன்வாசல் வரிசையில் நின்று, உள்ளே போன பிறகு திருப்பி அனுப்பப்பட்டு, கட்டடத்தைச் சுற்றி ஓடினேன். அதில் போனது ஆறு நிமிடம். டிக்கெட்டில் வாசலின் பெயரோ எண்ணோ அச்சிட்டிருப்பார்கள். அதை வீட்டிலேயே படித்துவிட்டுக் கிளம்பியிருந்தால் திரை தூக்குவதற்கு இரண்டு நிமிடம் முன்பே உள்ளே இருந்திருப்பேன்.

ஒரே நாளில் போய்த் திரும்புகிறவர்களுக்கு மதியக் காட்சிதான் நல்லது. மாலைக் காட்சி ஏழு, ஏழரைக்குத் தொடங்கி பத்து மணிவாக்கில் முடியும். கடைசி ரயிலை நினைத்துக்கொண்டே பார்த்தால் கடைசி அங்கம் மனதில் நிற்காது. ஒன்று மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் இரண்டு காட்சி இருந்தால் முதன்மை வேடத்தில் இரண்டுக்கும் ஒரே ஆள் ஆடுவது அபூர்வம், உடம்பு தாங்காது. குறிப்பிட்ட ஒருவரைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை இருந்தால் அந்தக் காட்சிக்கு யார் ஆடுகிறார் என்ற பட்டியலைப் பார்த்த பிறகு டிக்கெட் எடுங்கள். அப்படி எடுத்தாலும் காயம், உடல்நலக் குறைவு என்று கடைசி நேரத்தில் ஆள் மாறலாம். அதற்காகப் பணம் திரும்பக் கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

எந்த பாலே என்று கேட்டால், முதல்முறைக்கு ஜிசெல் அல்லது நட்கிராக்கர் என்பேன். இரண்டுமே இடைவேளையோடு சேர்த்து ஏறத்தாழ இரண்டு மணி நேரம்தான். ஜிசெல் 1841 ஜூன் 28 அன்று பாரிஸில் முதன்முதலில் மேடையேறியது. அடால்ஃப் ஆடம் இசை. கதை சின்னது, நேரானது, மனதை அறுப்பது. நட்கிராக்கர் 1892ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் அரங்கேறியது, அதில் கதை குறைவு, நடனம் அதிகம். 1890ல் வந்த ஸ்லீப்பிங் பியூட்டி அழகில் எதற்கும் குறைந்ததில்லை, ஆனால் இரண்டு இடைவேளைகளோடு மூன்று மணி நேரம் வரை போகும். காலையில் பயணம் செய்த உடம்புக்கு அது பாரம்.

இருக்கை விஷயத்தில் நிதானமாக யோசியுங்கள். மேடைக்குக் கிட்டே இருந்தால் நல்லது என்பது நாடகத்துக்குச் சரி. பாலேயில் முதல் இரண்டு மூன்று வரிசையில் உட்கார்ந்தால் உங்கள் கண் மேடைத் தளத்துக்குக் கீழே, அல்லது அதே மட்டத்தில் இருக்கும். மேடையின் முன்விளிம்பு பாதங்களை மறைக்கும். பாதம் தெரியாத பாலே பாதி பாலே. அத்தோடு இருபத்துநான்கு பேர் ஒரே நேரத்தில் கோடு போட்டு நகர்ந்து, குறுக்கே பிரிந்து, வட்டமாகும் கோலம் உயரத்திலிருந்து பார்த்தால்தான் கோலமாகத் தெரியும். தரைமட்டத்திலிருந்து அது வெள்ளைப் பாவாடைகளின் நெரிசல் மட்டுமே. ஆகவே முதல் பால்கனியின் நடுப்பகுதிக்கு முதலிடம் கொடுங்கள். அது கட்டுப்படியாகாவிட்டால் கீழ்த்தளத்தில் பாதிக்குப் பின்னால் நடுவில், அதுவும் இல்லையென்றால் இன்னும் மேலே போனாலும் நடுவிலேயே எடுங்கள். குதிரை லாட வடிவில் கட்டிய பழைய அரங்கங்களில் பக்கவாட்டு இருக்கைகளைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துவிடாதீர்கள். விலை குறைவாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. மேடையின் உங்கள் பக்கத்து மூலை முழுவதும் மறைந்துவிடும், அந்த மூலையிலிருந்து யாராவது வரும்போதெல்லாம் கைதட்டல்தான் கேட்கும், ஆள் தெரியமாட்டார். பார்வை மறைவு என்று டிக்கெட்டில் சின்ன எழுத்தில் போட்டிருந்தால் அதை நம்புங்கள். உயரம் என்றால் தலை சுற்றும் என்பவர்கள் மேல்தளத்தின் முதல் வரிசையைத் தவிர்ப்பது நல்லது. கைப்பிடி தாழ்வாக இருக்கும், சில இடங்களில் அந்தக் கைப்பிடிக் கம்பியே மேடையின் குறுக்கே வந்து நிற்கும்.

தனியாகப் போவதில் பெரிய லாபம் இங்கேதான். ஜோடி ஜோடியாக டிக்கெட் போன பிறகு நல்ல வரிசைகளுக்கு நடுவில் ஒற்றை இருக்கைகள் அநாதையாகக் கிடக்கும். இரண்டு பேருக்குக் கிடைக்காத இடம் ஒருவருக்குக் கிடைக்கும். எல்லாம் விற்றுத் தீர்ந்துவிட்டது என்று காட்டினாலும் காட்சிக்கு இரண்டு மூன்று நாள் முன்பும் அன்று காலையும் திரும்பப் பாருங்கள். போக முடியாதவர்கள் திருப்பிக் கொடுத்த இருக்கைகள் ஒவ்வொன்றாக வந்து விழும். என் இருக்கை அப்படிக் கிடைத்ததுதான், முதல் பால்கனி, கிட்டத்தட்ட நட்டநடு. அதனால்தான் அந்த முதல் 50 நிமிடம் அவ்வளவு வலித்தது.

பைனாகுலர் எடுத்துப் போகலாம், மூன்று நான்கு மடங்கு பெரிதாக்குவது போதும். பறவை பார்க்கும் எட்டு மடங்குக் கருவியில் ஒரு ஆளின் முகம் மட்டும் ஆடி ஆடித் தெரியும், அவர் நகர்ந்தால் பின்தொடர்வதற்குள் கை வலித்துவிடும். அதையும் எப்போதும் கண்ணில் வைத்திருக்காமல், யாராவது தனியாக நின்று அபிநயம் செய்யும்போது மட்டும் எடுங்கள்.

அபிநயம் என்றதும் வீட்டுப்பாடத்துக்கு வருகிறேன். பாலேயில் வாய்ப்பேச்சு கிடையாது, கதையை அங்கே வைத்துப் புரிந்துகொள்ளலாம் என்று போனால் புரியாது. கதைச் சுருக்கத்தை முன்தினம் இரவு ஒருமுறை, ரயிலில் ஒருமுறை படியுங்கள், அங்கம் அங்கமாகப் பிரித்து. பழைய பாலேக்களில் கைச்சாடைகளுக்குத் திட்டமான பொருள் உண்டு. இரு கைகளையும் தலைக்கு மேலே ஒன்றைச் சுற்றி ஒன்றாக உருட்டினால் நடனம். மோதிர விரலைத் தொட்டுக் காட்டினால் கல்யாணம். இரண்டு விரலைச் சேர்த்து வானத்தை நோக்கி உயர்த்தினால் சத்தியம். முகத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டால் அழகு. முன்னே நீட்டிய இரண்டு முஷ்டிகளும் ஒன்றன்மேல் ஒன்று குறுக்காக விழுந்தால் சாவு. இந்த ஐந்து தெரிந்தால் பாதிக் கதை கையிலிருக்கும். ஸ்வான் லேக் போகிறவர்கள் இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். வெள்ளை அன்னமாக வரும் ஓடெட்டும், கறுப்பு உடையில் ஏமாற்ற வரும் ஓடைலும் வழக்கமாக ஒரே நடனக்காரிதான். இது தெரியாமல் போனால் இளவரசன் ஏன் ஏமாறுகிறான் என்பதே விளங்காது. முடிவும் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும், சிலவற்றில் இருவரும் சாகிறார்கள், சிலவற்றில் சேர்கிறார்கள். நீங்கள் பார்க்கப் போகும் குழுவின் கதைச் சுருக்கத்தையே படிப்பது அதனால்தான் முக்கியம்.

ஜிசெல்லில் முதல் அங்கத்தைத் தவறவிட்டால் என்ன போகிறது என்று இப்போது எனக்கு நன்றாகத் தெரியும். அந்தப் பெண் ஒரு டெய்சிப் பூவின் இதழ்களைக் கிள்ளிக் கிள்ளி, அவன் என்னை நேசிக்கிறானா இல்லையா என்று எண்ணிப் பார்க்கிறாள். கணக்கு தப்பாக வரப்போவதைக் கண்டு அவள் சோர்ந்துபோக, காதலன் பூவை எடுத்து ஓர் இதழை ரகசியமாகக் கிள்ளிப்போட்டு, கணக்கை நேராக்கிக் காட்டுகிறான். அங்கத்தின் கடைசியில் அவன் ஏமாற்றுக்காரன் என்று தெரிந்து புத்தி பேதலித்தபோது, அவள் வெறுங்காற்றில் அதே இதழ்களைத் திரும்பவும் கிள்ளுகிறாள். கையில் பூ இல்லை, விரல்கள் மட்டும் கிள்ளுகின்றன. டிவியில் எனக்கு அந்த விரல்கள் தெரியவில்லை. ஒருத்தி குனிந்து எதையோ தேடுகிறாள் என்றுதான் நினைத்தேன். இரண்டாம் அங்கத்தில், செத்த பிறகும் அவள், ஆண்களை ஆடவைத்தே கொல்லும் ஆவிப் பெண்களிடமிருந்து அவனை விடியும்வரை காப்பாற்ற நிற்பதன் கனம் அந்தப் பூவில்தான் இருக்கிறது. பக்கத்து இருக்கைகளில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள், நான் புரிந்துகொள்ள முயன்றுகொண்டிருந்தேன்.

கைதட்டுவது எப்போது என்ற பயம் தனியாகப் போகிறவர்களுக்கு நிறைய இருக்கும். சிம்பொனிக் கச்சேரி மாதிரி கடைசிவரை அடக்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. இசைக்குழுவை நடத்துபவர் மேடைக்கு முன்னாலிருக்கும் இசைக்குழுப் பள்ளத்தில் தோன்றும்போது தட்டுவார்கள். முதன்மை நடனக்காரர் முதல்முறை மேடைக்கு வரும்போது சில அரங்கங்களில் தட்டுவார்கள். அப்புறம் பெரிய ஜோடி நடனம் வரும். அதற்கு ஒரு கட்டுக்கோப்பு உண்டு. முதலில் இருவரும் சேர்ந்து வருவார்கள், பிறகு மெதுவான அடாஜியோ, பிறகு ஆண் தனியாக, பெண் தனியாக, கடைசியில் இருவரும் வேகமாக ஆடும் கோடா. ஒவ்வொரு பகுதி முடிந்ததும் அவர்களே முன்னே வந்து வணங்குவார்கள். வணங்கினால் தட்டலாம், அவ்வளவுதான் விதி. ஸ்வான் லேக்கின் கறுப்பு அன்னம் கோடாவில் ஒற்றைக்கால் நுனியில் ஃபுவெட்டே என்ற சுழற்சியை 32 முறை சுற்றும்போது பாதியிலேயே கைதட்டல் எழும், அதுவும் தப்பில்லை. விளக்கு அணைந்து இசை தொடங்கியதும் திரை மூடியிருந்தாலும் பேச்சை நிறுத்திவிட வேண்டும். அந்த முன்னிசையும் நிகழ்ச்சியில் சேர்ந்ததுதான்.

இரண்டாம் அங்கத்துக்கு உள்ளே போய் உட்கார்ந்தபோது என்னை முதலில் உலுக்கியது சத்தம். வீடியோவில் இசை மட்டும்தான் கேட்டிருந்தேன். நேரில், ஆவிப் பெண்கள் இரண்டு பக்கத்திலிருந்தும் ஒற்றைக்காலில் தத்தித் தத்தி ஒருவர் வரிசைக்குள் இன்னொருவர் வரிசை புகுந்து கடக்கும் இடத்தில், மேடைப்பலகை தொம் தொம் என்று அதிர்கிறது. கால் நுனியில் நிற்பதற்காகப் போடும் பாயின்ட் ஷூவின் முனை, துணியும் காகிதமும் பசையும் அடுக்கடுக்காக இறுகிய பெட்டி. சத்தம் குறைய வேண்டும் என்று புது ஷூவைக் கல்தரையில் அடித்து அடித்துப் பதமாக்குகிறார்கள், அப்படியும் கேட்கும். பெரிய வேடத்துக்கு ஒரு ஜோடி ஒரே காட்சியில் தொய்ந்து போவதும் உண்டு. அந்தச் சத்தத்தைக் குறையாக நினைத்து முகம் சுளித்தவர்களைப் பார்த்தேன். எனக்கு அதுதான் அன்றைய பரிசு. காற்றுபோலத் தெரிபவர்களுக்கு எலும்பும் எடையும் இருக்கிறது என்று அந்தத் தொம் தொம்தான் சொல்லிற்று. ஆவிகளின் ராணி மிர்த்தா வரும் இடத்தில் மட்டும் பைனாகுலரைக் கீழே வைத்துவிடுங்கள். இரண்டு பாதமும் நுனியில் நின்று, கண்ணுக்குப் பிடிபடாத சின்னஞ்சிறு அடிகளாக மேடையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு வழுக்கிக்கொண்டு போவாள். பாவாடை அசையாது, தோள் அசையாது. முழு மேடையையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த வழுக்கல் தெரியும்.

இடைவேளை 20 முதல் 30 நிமிடம். அதில் பெண்கள் கழிப்பறை வரிசையே கால்மணி நேரம் தின்றுவிடும், முன்பே போய்விடுங்கள் என்று சொன்னது இதற்காகத்தான். தனியாக வந்தவர்களுக்கு இடைவேளையில்தான் கொஞ்சம் அந்நியமாக இருக்கும். எல்லாரும் கூட்டம் கூட்டமாகப் பேசிக்கொண்டிருப்பார்கள். போனை நோண்டிக்கொண்டு சுவரோரம் நிற்பதற்குப் பதில் கீழே இறங்கி மேடைக்கு முன்னாலிருக்கும் இசைக்குழுப் பள்ளத்தை எட்டிப் பாருங்கள், பெரும்பாலும் யாரும் தடுக்கமாட்டார்கள். ஜிசெல் என்றால் வயோலாக்காரர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், இரண்டாம் அங்க ஜோடி நடனத்தில் நெஞ்சைப் பிசையும் தனி வாசிப்பு அவருடையது. நட்கிராக்கர் என்றால் சின்னப் பியானோ மாதிரி ஒன்று இருக்கும், அதுதான் செலஸ்டா. சர்க்கரைத் தேவதையின் நடனத்தில் கண்ணாடி மணி போலக் கேட்பது அது.

உடையைப் பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டாம், சுத்தமான சாதாரண உடை போதும். உரசினால் சலசலக்கும் ஜாக்கெட், உயர்த்திக் கட்டிய கொண்டை, காட்டமான வாசனைத் திரவியம் இந்த மூன்றும் பக்கத்தில் இருப்பவர்களை வதைக்கும். முன்னே குனிந்து பார்க்கிற பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். மேல்தளங்களில் நீங்கள் ஒரு சாண் முன்னால் வந்தால் பின்னால் இருப்பவருக்கு மேடையின் நடுப்பகுதியே போய்விடும். டிக்கெட் போனில் இருந்தால் அதை முன்பே படமெடுத்துச் சேமித்து வையுங்கள். அரங்க வாசலில் ஆயிரம் பேர் நிற்கும்போது சிக்னல் கிடைக்காது, பேட்டரியும் காலையிலிருந்து பயணத்தில் கரைந்திருக்கும். பயணப் பெட்டியோடு போகாதீர்கள், பெரிய பெட்டிகளைப் பல அரங்கங்கள் கவுன்டரிலும் வாங்குவதில்லை.

திரும்பும் பயணத்தில்தான் என் இரண்டாவது நஷ்டம். குறிப்பிட்ட ரயிலுக்கு மட்டுமே செல்லும் மலிவு டிக்கெட்டை எடுத்திருந்தேன், காட்சி முடிவதாகப் போட்டிருந்த நேரத்துக்கு 40 நிமிடம் கழித்து ரயில். அந்த முடிவு நேரத்தில் கைதட்டல் சேர்ந்திருக்காது என்று எனக்குத் தெரியவில்லை. கூட்டுக் குழு, துணை வேடங்கள், முதன்மை ஜோடி, இசைக்குழுவை நடத்துபவர் என்று ஒவ்வொருவராக வந்து வணங்கப் பத்து நிமிடம். கோட்டுக் கவுன்டரில் அரங்கமே ஒரே நேரத்தில் வந்து நின்றது, அதில் 20 நிமிடம். படிக்கட்டு நெரிசலில் இன்னும் ஐந்து. ரயில் போய்விட்டது, புது டிக்கெட்டை முழு விலை கொடுத்து எடுத்தேன். முடிவு நேரத்தோடு குறைந்தது ஒரு மணி நேரம் சேர்த்து, அதற்கு மேல் நடக்கும் நேரத்தையும் சேர்த்து ரயிலைப் பாருங்கள். எந்த ரயிலிலும் ஏறலாம் என்ற வகை டிக்கெட்டுக்குக் கூடுதலாகக் கொடுப்பது இந்த ஒரு பயணத்துக்கு வீண் செலவு இல்லை. ஓட்ட நேரம் என்று போட்டிருப்பதில் இடைவேளை சேர்ந்திருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். கோட்டை மடித்து இருக்கைக்கு அடியில் வைக்க அனுமதி உண்டென்றால் கவுன்டருக்கே போகாதீர்கள்.

ரயிலுக்குப் பயந்து கைதட்டலின்போது எழுந்து ஓடியவர்கள் என் வரிசையிலேயே நான்கு பேர். நான் உட்கார்ந்திருந்தேன், அந்த முடிவில் எனக்கு வருத்தமில்லை. ஜிசெல்லாக ஆடிய பெண் திரைக்கு முன்னால் வந்து குனிந்தபோது அவள் முதுகு ஏறி இறங்குவது பைனாகுலரில் தெரிந்தது. இரண்டு மணி நேரம் மூச்சே விடாதவள் போல ஆடியவள், அப்போதுதான் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். கொடுத்த பூங்கொத்திலிருந்து ஒரு பூவை உருவித் தன் ஜோடிக்குக் கொடுத்தாள். அரங்கத்து விளக்குகள் முழுதாக எரிந்து, பள்ளத்தில் வயலின்களைப் பெட்டியில் வைக்கத் தொடங்கிய பிறகு எழுந்தால் போதும்.